சேமிப்பிலிருந்து ஆக்கத்திற்கு: போர் விமானங்களில் சுவாச ஆக்சிஜன் வழங்கலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உயரே பறக்கும் போர் விமானிக்குத் தேவையான ஆக்சிஜன் எங்கிருந்து பெறப்பட வேண்டும் என்னும் வினாவிற்கு வான்பயண வரலாறு இரண்டு விடைகளைத் தந்துள்ளது. தரையிலிருந்து நிரப்பிச் சுமந்து செல்வது முதல் விடை. விமானத்தைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்தே பறக்கும்போது பிரித்தெடுப்பது இரண்டாவது விடை. 1980களில் அமெரிக்கக் கடற்படையணியின் ஹாரியர் விமானத்தில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முறை, இன்று பெரும்பாலான புதிய போர் விமானங்களில் இடம்பெற்றுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்குத் துணைநின்ற வேதியியல் அறிவு எங்கிருந்து வந்தது, இம்மாற்றத்தால் விமானி பெற்றது என்ன, இழந்தது என்ன என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஆக்கமுறை தரைப்பணியின் சுமையைக் குறைத்தது; ஆனால் விமானியின் சுவாசத்தை இயந்திரத்தின் நலத்தோடு பிணைத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சுவாச ஆக்சிஜன், போர் விமானம், மூலக்கூறுச் சல்லடை, சியோலைட், அழுத்த மாற்றப் பரப்புக் கவர்தல், ஆக்சிஜன் குறைபாடு, தேஜஸ்.

முன்னுரை

போர் விமானங்களின் வரலாறு பெரும்பாலும் வேகம், உயரம், படைக்கலம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவற்றைச் செலுத்திய மனிதர் எதைச் சுவாசித்தார் என்பது அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு விமானம் எட்டக்கூடிய உயரத்தை அதன் இயந்திரம் மட்டும் வரையறுப்பதில்லை. விமானியின் நுரையீரலும் வரையறுக்கிறது. இறக்கையும் இயந்திரமும் தாங்கும் உயரத்தில் மனித உடல் தாங்காது போன நிகழ்வுகள் வான்பயணத்தின் தொடக்கக் காலம் முதலே பதிவாகியுள்ளன.

இக்குறையை நீக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரை இரு காலகட்டங்களாகப் பகுத்துக் காண்கிறது. முதலாவது சேமிப்புக் காலம். இரண்டாவது ஆக்கக் காலம். இவ்விரண்டிற்கும் இடையில் ஏறத்தாழ முப்பதாண்டுக் கால வேதியியல் தேடல் ஒன்று உள்ளது. அத்தேடலின் தோல்விகளும் வரலாற்றில் இடம்பெறத் தக்கவையே.

உயரமும் உடலும்

காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடு. கடல்மட்டத்திலும் 40,000 அடி உயரத்திலும் இவ்விகிதம் மாறுவதில்லை. மாறுவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் 18,000 அடி உயரத்தில் பாதியாகக் குறைகிறது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளிலிருந்து குருதிக்குள் ஆக்சிஜனைச் செலுத்துவது அதன் பகுதி அழுத்தமே ஆதலால், விகிதம் மாறாவிடினும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. இவ்வுண்மையை முறையான சோதனைகளால் நிறுவியவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பால் பேர். காற்றழுத்தம் பற்றிய அவரது பெருநூல் 1878ஆம் ஆண்டு வெளிவந்தது.

அந்நூல் வெளிவருவதற்கு முன்பே அதன் உண்மை உயிர்ப்பலியால் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. 1862 செப்டம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல் ஆகிய இருவரும் பலூனில் 29,000 அடிக்கு மேல் சென்றபோது கிளெய்ஷர் நினைவிழந்தார். குளிரால் கைகள் செயலிழந்த நிலையில் காக்ஸ்வெல் வாயு வெளியேற்றும் கயிற்றைப் பற்களால் கடித்து இழுத்தமையால் இருவரும் பிழைத்தனர். 1875 ஏப்ரல் 15ஆம் நாள் பாரிஸிலிருந்து 'செனித்' பலூனில் மேலேறிய மூவருள் குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் உயிரிழந்தனர். கஸ்தோன் திசாந்தியே மட்டும் உயிருடன் தரையிறங்கினார். அம்மூவரிடமும் ஆக்சிஜன் பைகள் இருந்தன. எடுத்துச் சென்ற அளவு போதாது என்று பால் பேர் எழுதிய கடிதம் பயணத்திற்கு முன் அவர்களை வந்தடையவில்லை. இருந்த சிறிதளவைச் சிக்கனப்படுத்த எண்ணி, தேவை மிகும்போது மட்டும் சுவாசிப்பது என அவர்கள் முடிவு செய்தனர். தேவை மிகுந்தபோது குழாயைப் பற்றக் கை எழவில்லை.

செனித் நிகழ்வு பிற்கால வடிவமைப்பாளர் அனைவர்க்கும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. ஆக்சிஜன் குறைபாடு தன்னை அறிவித்துக்கொண்டு வருவதன்று. அது முதலில் தாக்குவது குறையை உணரும் அறிவையே. உடல் வலிப்பதில்லை, மாறாக, இனிய மயக்கமும் அளவுமீறிய தன்னம்பிக்கையும் தோன்றுகின்றன. 25,000 அடியில் ஆக்சிஜன் துண்டிக்கப்பட்ட ஒருவர் பயனுள்ள செயலாற்றும் நேரம் 3 முதல் 5 நிமிடங்கள். 35,000 அடியில் அது 30 முதல் 60 நொடிகளாகச் சுருங்குகிறது. 40,000 அடியில் 15 முதல் 20 நொடிகளே. ஆகவே தன் குறையைத் தானே கண்டறிந்து சரிசெய்துகொள்வார் என விமானியை நம்பி அமைக்கப்படும் எந்த ஏற்பாடும் அடிப்படையிலேயே குறையுடையது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் இக்கருத்து மீண்டும் எழும்.

சுமந்து சென்ற காலம்

முதல் உலகப் போரில் விமானங்களும் வான்கப்பல்களும் பகைவரின் பீரங்கிக்கு எட்டாத உயரத்தை நாடியபோது ஆக்சிஜன் வழங்கல் படைத்துறைத் தேவையாயிற்று. உலோக உருளைகளில் அழுத்தி அடைக்கப்பட்ட ஆக்சிஜன் ஒரு குழாய்வழியே இடைவிடாது பாய, விமானி அதை வாயில் வைத்துச் சுவாசித்தார். பிரித்தானியாவில் ஆக்ஸ்ஃபோர்டு நோயியல் பேராசிரியர் ஜார்ஜ் டிரேயர், உயரத்திற்கேற்ப ஓட்டத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவியை வடிவமைத்தார். விமானியின் கவனத்தை நம்பாமல் கருவியே முடிவெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கு முதன்முதலாக உருப்பெறுகிறது எனலாம்.

1920 பிப்ரவரி 27ஆம் நாள் அமெரிக்க விமானி ருடால்ஃப் ஷ்ரோடர் 33,000 அடிக்கு மேல் பறந்தபோது ஆக்சிஜன் தீர்ந்தது. கண்கள் உறைந்து, ஏறத்தாழ நினைவிழந்த நிலையில் பல ஆயிரம் அடி வீழ்ந்து, தாழ்ந்த உயரத்தில் தெளிவுபெற்று விமானத்தைத் தரையிறக்கினார். போருக்கு இடைப்பட்ட ஆண்டுகளின் நிலைக்கு இது ஒரு சான்று.

1938ஆம் ஆண்டளவில் மேயோ மருத்துவமனையின் பூத்பி, லவ்லேஸ், புல்புலியன் ஆகிய மூவரும் தம் பெயர்களின் முதலெழுத்துகளால் அறியப்படும் முகமூடியை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரில் இடைவிடாப் பாய்ச்சல் முறைக்கு மாற்றாகத் தேவைவழிச் சீராக்கி பரவலாயிற்று. விமானி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் வாயுவை வழங்கி, வெளிவிடும்போது நிறுத்துவதே அதன் இயல்பு. இதனால் விரயம் பெரிதும் குறைந்தது. குண்டு பட்டால் உயரழுத்த உருளைகள் வெடித்துச் சிதறியமையால், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஒரு சதுர அங்குலத்திற்கு 400 பவுண்டு அளவிலான தாழ்வழுத்த உருளைகளுக்கு மாறின. உருளைகள் பருத்தன, எண்ணிக்கையில் பெருகின, ஆயினும் ஆபத்துக் குறைந்தது.

40,000 அடியில் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பவரின் நிலை, 10,000 அடியில் வெறுங்காற்றைச் சுவாசிப்பவரின் நிலையை ஒத்தது. அதற்கு மேல் தூய ஆக்சிஜனும் போதாது. அதனை அழுத்தத்துடன் நுரையீரலுக்குள் செலுத்த வேண்டும். ரைட் ஃபீல்டு ஆய்வகத்தில் ஃபாரோ காகி முதலானோர் 1940களின் முற்பகுதியில் இவ்வழுத்தச் சுவாச முறையை வகுத்தனர். இவ்வாறு, முகமூடி, சீராக்கி, அழுத்தச் சுவாசம் என்னும் மூன்றும் போர்க்காலத்திலேயே முதிர்ச்சி பெற்றன. முதிராமல் எஞ்சியது மூலப்பொருளின் இருப்பு ஒன்றே.

திரவ ஆக்சிஜனும் அதன் சுமையும்

போருக்குப் பின் தாரை விமானங்கள் பெருகியபோது உருளைகளின் எடையும் பருமனும் தடையாயின. விடை திரவ ஆக்சிஜனாக அமைந்தது. சுழியத்திற்குக் கீழ் 183 பாகை செல்சியஸில் கொதிக்கும் இந்நீலநிறத் திரவத்தின் ஒரு லிட்டர், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரிகிறது. சிறியதொரு வெற்றிடக் குடுவையில் நீண்ட பயணத்திற்கான ஆக்சிஜனை அடக்கிவிடலாம். 1950கள் முதல் மேலைநாட்டுப் போர் விமானங்களில் இதுவே வழக்கமாயிற்று.

ஆயினும் விமானத்தில் குறைந்த சுமை தரைக்கு இடம்பெயர்ந்தது. திரவ ஆக்சிஜனை ஆக்கும் நிலையம், சேமிக்கும் தொட்டி, ஏற்றிச் செல்லும் ஊர்தி, பயிற்சி பெற்ற பணியாளர், தனிப் பாதுகாப்பு உடை ஆகிய அனைத்தும் ஒவ்வொரு தளத்திலும் வேண்டியிருந்தன. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் அது தீப்பற்றும். தோலில் பட்டால் உறைபுண் உண்டாக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். விமானந்தாங்கிக் கப்பல்களில் இதற்கெனத் தனி ஆலைகள் இயங்கின. எரிபொருளும் படைக்கலமும் இருந்தும் ஆக்சிஜன் இல்லையேல் உயரே பறக்க இயலாது. ஆகவே திரவ ஆக்சிஜன், போர் விமானத்தை நிலையான பெருந்தளத்தோடு பிணைக்கும் கயிறாக ஆயிற்று.

காற்றிலிருந்து பிரித்தல்: வேதியியல் முயற்சிகள்

விமானத்தைச் சுற்றிலும் காற்று உள்ளது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். இருப்பதைப் பிரித்தெடுக்க முடியுமெனில் சுமப்பானேன்? இவ்வினாவிற்கான விடையின் வேர் 19ஆம் நூற்றாண்டில் உள்ளது. பேரியம் ஆக்சைடு சூடான நிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுப் பெராக்சைடாகிறது. பின்னர் அதைத் திருப்பித் தருகிறது. இவ்வியல்பைத் தொழில்முறையாக்கிய பிரின் சகோதரர்கள் 1886இல் இலண்டனில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். வெப்பநிலையை மாற்றாமல் காற்றின் அழுத்தத்தை மட்டும் உயர்த்தியும் தாழ்த்தியும் ஆக்சிஜனை ஏற்கவும் விடுவிக்கவும் செய்தது அவர்களது முறையின் முன்னேற்றம். ஒரு நூற்றாண்டிற்குப் பின் விமானங்களில் இடம்பெற்ற முறையின் முன்னோட்டம் இதில் தெரிகிறது. எனினும் அதற்கு வேண்டிய உயர்வெப்பம் விமானத்திற்கு ஏற்றதன்று.

குருதியின் ஈமோகுளோபினைப் போல ஆக்சிஜனைப் பற்றி விடுவிக்கும் செயற்கைப் பொருளைத் தேடியது அடுத்த முயற்சி. சால்கோமைன் என்னும் கோபால்ட்டுச் சேர்மம் இவ்வியல்புடையது என்பதை ஜப்பானிய வேதியியலாளர் சுமாகி 1938இல் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியாவில் மெல்வின் கால்வின் இத்தகைய சேர்மங்களை ஆக்சிஜன் ஆக்கத்திற்காக விரிவாக ஆராய்ந்தார். ஒளிச்சேர்க்கை ஆய்வுக்காக 1961இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. 1970களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபுளூவோமைன் என்னும் சேர்மம் அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானத்திற்காகச் சோதிக்கப்பட்டது.

இச்சேர்மங்களின் குறை அவற்றின் இயல்பிலேயே இருந்தது. ஆக்சிஜனை மீண்டும் மீண்டும் பற்றி விடுவிக்கும்போது, சிறுகச் சிறுக அவையே ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைந்தன. உயிருள்ள உடலில் ஈமோகுளோபின் இடைவிடாது புதுப்பிக்கப்படுகிறது; விமானத்தின் குடுவையில் அடைக்கப்பட்ட சேர்மத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆக்சிஜனைப் பற்றும் வழி அடைபட்டபோது, நைட்ரஜனைப் பற்றி விலக்கும் வழி திறந்தது.

சியோலைட்டும் அழுத்த மாற்ற முறையும்

1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட், சூடாக்கினால் நீராவி விட்டுக் கொதிப்பதுபோல் தோன்றிய கனிமத்திற்குக் 'கொதிகல்' என்னும் பொருள்பட சியோலைட் எனப் பெயரிட்டார். அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன இக்கனிமத்தின் படிகக் கட்டமைப்பில் மூலக்கூறு அளவிலான நுண்துளைகள் ஒழுங்காக அமைந்துள்ளன. 1940களின் இறுதியில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் ராபர்ட் மில்டன் செயற்கைச் சியோலைட்டுகளை உருவாக்கினார். 1950களில் அவை வணிகப் பொருளாயின.

இவை மூலக்கூறுச் சல்லடை என்றே வழங்கப்படுகின்றன. ஆனால் காற்றைப் பிரிக்கும் பணியில் இப்பெயர் பொருத்தமற்றது. ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டுமே இத்துளைகளுக்குள் நுழையக் கூடியவை. அளவால் அன்று, ஈர்ப்பால் அவை பிரிகின்றன. நைட்ரஜன் மூலக்கூறின் மின்னூட்டப் பரவல், சியோலைட்டிலுள்ள நேரயனிகளால் ஆக்சிஜனைவிட வலுவாக ஈர்க்கப்படுகிறது. ஆகவே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் நைட்ரஜன் தங்கிவிட, ஆக்சிஜன் செறிந்த வாயு மறுமுனையில் வெளிவருகிறது. சியோலைட் படுகை நிறைவுற்றதும் அழுத்தத்தைத் தாழ்த்தினால் நைட்ரஜன் தானே விடுபடும். எஸ்ஸோ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம் 1960இல் உரிமம் பெற்ற இரட்டைப் படுகை முறை இதற்கு வடிவம் தந்தது. ஒரு படுகை நைட்ரஜனைப் பற்றும்போது மற்றொன்று விடுவிக்கும். பின்னர் இரண்டும் பணியை மாற்றிக்கொள்ளும். விடுவிக்கும் படுகையைக் கழுவ, விளைபொருளில் ஒரு பகுதியே பயன்படும்.

தாரை விமானத்திற்கு இம்முறை இயல்பாகப் பொருந்தியது. அழுத்தக் காற்றுக்கெனத் தனிப் பொறி வேண்டியதில்லை. இயந்திரத்தின் அமுக்கிப் பகுதியிலிருந்தே அதைப் பெறலாம். வெப்பப் பரிமாற்றியில் குளிர்வித்து, வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கிப் படுகைக்கு அனுப்பினால் சில நொடிகளுக்கு ஒருமுறை சுழற்சி மாறியவண்ணம் ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருக்கும். விமானம் உயர உயர வெளிக்காற்றழுத்தம் குறைவதால் படுகை நன்கு தூய்மையாகி, தேவை மிகும் உயரத்தில் செறிவும் மிகுகிறது.

இம்முறைக்கு இரு எல்லைகள் உண்டு. முதலாவது, காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு உள்ள ஆர்கான் வாயுவைச் சியோலைட் ஆக்சிஜனிலிருந்து பிரிப்பதில்லை. ஆகவே செறிவு 95 விழுக்காட்டைச் சற்றே தாண்டலாம், நூறை எட்டாது. இரண்டாவது, சியோலைட் நீரை நைட்ரஜனைவிட மிக வலுவாகப் பற்றும். ஈரம் புகுந்த படுகை தன் திறனை இழக்கும். முதல் எல்லை கணக்கில் அடங்கியது. இரண்டாவது எல்லை, உள்ளே வரும் காற்றின் தூய்மையைப் பொறுத்தது. அக்காற்றோ இயந்திரத்திலிருந்து வருவது.

ஹாரியர் முதல்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் மூலக்கூறுச் சல்லடை ஆக்கிகளைத் தரையிலும் வானிலும் சோதித்தன. கடற்படையின் வார்மின்ஸ்டர் ஆய்வு மையமும் டெக்சாஸிலுள்ள புரூக்ஸ் வான்வெளி மருத்துவப் பள்ளியும் இப்பணியில் முன்னின்றன. தொடர் உற்பத்தியில் இவ்வமைப்பைப் பெற்ற முதல் போர் விமானம் ஏவி-8பி ஹாரியர். அது 1985இல் அமெரிக்கக் கடற்படையணியின் பணியில் சேர்ந்தது.

ஹாரியர் முதலாவதாக அமைந்தது தற்செயலன்று. செங்குத்தாக மேலெழவும் இறங்கவும் வல்ல அவ்விமானத்தின் நோக்கமே, பெருந்தளங்களை விட்டு விலகிக் காட்டு வெளிகளிலும் சிறு கப்பல்களிலும் சாலையோரங்களிலும் இயங்குவது. எரிபொருளையும் குண்டுகளையும் அங்கே கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. திரவ ஆக்சிஜன் ஊர்தியையும் உடன் இழுத்துச் செல்ல வேண்டுமெனில் அந்நோக்கமே பழுதாகும். எனவே ஆக்கமுறையைத் தோற்றுவித்த உடனடித் தேவை விமானியின் உடல்நலம் சார்ந்ததன்று. படையின் வழங்கல் சார்ந்தது. பிற்காலச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு முதன்மையானது.

ஹாரியரைத் தொடர்ந்து பி-1பி குண்டுவீச்சு விமானம் ஃபுளூவோமைனைக் கைவிட்டு மூலக்கூறுச் சல்லடையை ஏற்றது. எஃப்-15இ, எஃப்-14டி, எஃப்/ஏ-18இன் பிற்கால வகைகள், டி-45, டி-6 பயிற்சி விமானங்கள், எஃப்-22, எஃப்-35, ஐரோப்பாவின் டைஃபூன், பிரான்சின் ரஃபேல் என இம்முறை பரவியது. ஒரு தலைமுறைக்குள் விதிவிலக்கு விதியாயிற்று.

ஆக்கமுறையின் மறைந்த விலை

சேமிப்பு முறையில் அளவுமானியைப் பார்த்து எஞ்சிய ஆக்சிஜனை விமானி அறியலாம். இயந்திரம் நின்றாலும் குடுவையிலுள்ளது குறையாது. ஆக்கமுறையிலோ இருப்பு என்று ஒன்றில்லை. அந்தந்த நொடியில் விளைவதே அந்தந்த நொடியின் மூச்சு. இயந்திரக் காற்று நின்றால் சுவாசமும் நிற்கும். இடரில் சிக்கிய விமானிக்கு இருவேறு ஆபத்துகள் ஒரே வேளையில் நேர்கின்றன.

2010 நவம்பர் 16 இரவு அலாஸ்காவில் வீழ்ந்த எஃப்-22 விமானம் இதற்குத் துயரமிக்க சான்று. இயந்திரக் காற்றுக் குழாயில் கசிவு இருப்பதாகக் கண்டறிந்த அமைப்பு அக்காற்றைத் தானே நிறுத்தியது. அதனோடு ஆக்சிஜன் ஆக்கமும் நின்றது. இருக்கையின் பக்கத்தில் அவசர ஆக்சிஜனுக்கான வளையம் இருந்தது. தடித்த குளிர்கால உடையும் இருளும் சூழ, விரைந்து தாழும் விமானத்தில் அதைத் தேடி இழுக்க வேண்டிய பொறுப்பு விமானிக்கு இருந்தது. அவர் உயிரிழந்தார். விமானத்தை உரிய நேரத்தில் மீட்கத் தவறியமையே காரணம் என 2011 டிசம்பரில் விமானப்படையின் விசாரணைக் குழு கூறியது. அம்முடிவிற்குச் சான்றுகள் போதா என 2013இல் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அறிவித்தது. தானே இயங்கும் மாற்று ஆக்சிஜன் ஏற்பாடு அவ்விமானத்தின் வடிவமைப்பில் முதலில் கருதப்பட்டுப் பின்னர் எடைக் குறைப்பிற்காக நீக்கப்பட்டிருந்தது. செனித் பலூனில் எழாத கைகளும் இவ்விரவும் 135 ஆண்டுகள் இடைவெளியில் ஒரே பாடத்தைக் கூறுகின்றன.

இதற்கிடையில் எஃப்-22 விமானிகள் பலர் தலைச்சுற்றல், குழப்பம், மூச்சுத்திணறல், தொடரும் இருமல் ஆகியவற்றைத் தெரிவித்தனர். 2011 மே முதல் செப்டம்பர் வரை அவ்விமானங்கள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. ஆக்சிஜனில் நஞ்சு கலந்ததா, அளவு குறைந்ததா என்னும் இருவழித் தேடலுக்குப் பின், 2012 ஜூலையில் வேறொரு விடை முன்வைக்கப்பட்டது. உயர் முடுக்கத்தின்போது மட்டும் காற்றேற வேண்டிய மார்புக் கவசம், அதன் அடைப்பிதழின் குறையால் தேவையற்ற வேளைகளிலும் உப்பி நெஞ்சை இறுக்கியது. சுவாசக் குழாய்வழியின் தடைகளும், கூடுதலாகப் பொருத்தப்பட்ட கரி வடிகட்டியும் மூச்சிழுப்பை மேலும் கடினமாக்கின. ஆக்சிஜன் செறிவு மிகுதியும் பங்கு வகித்தது. முடுக்கத்தால் நுரையீரலின் அடிப்பகுதி அழுந்தும்போது நுண்ணறைகளில் ஆக்சிஜன் மட்டுமே இருந்தால், அது குருதியில் விரைந்து கரைந்து நுண்ணறைகள் சுருங்கிவிடும். நைட்ரஜன் இருந்தால் அதுவே அவற்றை விரித்துத் தாங்கும். 1960களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருந்த உண்மை இது. வெளியே தள்ள வேண்டிய பொருளாகக் கருதப்பட்ட நைட்ரஜனுக்கும் நுரையீரலில் பணி உண்டு என்பது இதனால் மீண்டும் உணரப்பட்டது. தானியங்கு மாற்று ஆக்சிஜன் ஏற்பாடும் பின்னர் அவ்விமானங்களில் சேர்க்கப்பட்டது.

சிக்கல் ஒரு விமான வகையோடு நிற்கவில்லை. 2017இல் அமெரிக்கக் கடற்படையின் டி-45 பயிற்சி விமானங்களில் பறக்கப் பயிற்றுநர் பலர் மறுத்தனர். படைக் கட்டுப்பாட்டிற்குள் வாழ்வோர் இவ்வாறு மறுப்பது அரிது. 2018 பிப்ரவரியில் டி-6 விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, ஆக்கியிலிருந்து வரும் ஆக்சிஜனின் செறிவு ஏற்ற இறக்கம் உடையதாக இருப்பது கண்டறியப்பட்டது. எஃப்/ஏ-18 பற்றி நாசாவின் பொறியியல் பாதுகாப்பு மையம் 2017இல் அளித்த அறிக்கை, ஆய்வுகள் கருவியையே மையமாகக் கொண்டிருந்தன. மனிதரை அளக்கவில்லை என்று சுட்டியது. தொடர்ந்து, பறக்கும் விமானியின் மூச்சையே அளந்து, அம்மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஆக்சிஜன் விழுக்காடு சரியாக இருந்தால் மட்டும் போதாது; மூச்சு கேட்கும் கணத்தில், கேட்கும் அளவில், கேட்கும் அழுத்தத்தில் அது வந்துசேர வேண்டும் என்பதை வலியுறுத்தியது. ஒவ்வொருவர் மூச்சும் ஒவ்வொரு வகையினது.

இந்நிகழ்வுகளில் ஊன்றி நோக்கத்தக்கது சான்றின் தகுதி பற்றிய சிக்கல். ஆக்கி தரையில் சோதிக்கப்பட்டபோது விதிகளுக்கு உட்பட்டே இயங்கியது. விமானியின் சொல்லோ, 'ஏதோ சரியில்லை' என்பதற்கு அப்பால் செல்ல இயலாதது. ஏனெனில் சொல்லும் அறிவையே குறைபாடு மங்கச் செய்கிறது. கருவியின் எண்ணும் மனிதரின் சொல்லும் முரண்பட்டபோது எண் நம்பப்பட்டது. பின்னர் மூச்சு நேரடியாக அளக்கப்பட்டபோது, மனிதரின் சொல்லுக்கு அடிப்படை இருந்தமை தெளிவாயிற்று.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இத்தொழில்நுட்பத்தை உருவாக்கியது பெங்களூருவிலுள்ள பாதுகாப்பு உயிரிப்பொறியியல் மற்றும் மின்மருத்துவ ஆய்வகம். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த இவ்வாய்வகம் தேஜஸ் இலகுரகப் போர் விமானத்திற்காக ஆக்சிஜன் ஆக்க அமைப்பை வடிவமைத்தது. இவ்வமைப்பை மையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த உயிர்காப்பு ஏற்பாடு 2025 மார்ச் 4ஆம் நாள் தேஜஸின் முன்மாதிரி விமானம் ஒன்றில் 50,000 அடி உயரம் வரை சோதிக்கப்பட்டது.

ஆனால் விமானத்தில் முழுமையாக இடம்பெறுவதற்கு முன்பே இவ்வறிவு தரையில் பயன்பட்டது. வடகிழக்கிலும் லே, லடாக் பகுதிகளிலும் உள்ள படைத்தளங்கள் சிலவற்றில் இதன் அடிப்படையிலான மருத்துவ ஆக்சிஜன் நிலையங்கள் நிறுவப்பட்டன. 2021 ஏப்ரலில் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையில் நாடெங்கும் ஆக்சிஜன் தட்டுப்பாடு உச்சத்தை எட்டியபோது, தேஜஸுக்காக உருவான தொழில்நுட்பத்தைக் கொண்டு 380 நிலையங்கள் அமைக்க நடுவண் அரசு ஏற்பாடு செய்தது. அவற்றுள் 332 பெங்களூருவிலுள்ள டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் நிறுவனத்திடமும், 48 கோயம்புத்தூரைச் சேர்ந்த டிரைடென்ட் நியூமாடிக்ஸ் நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. ஒரு நிலையம் நிமிடத்திற்கு 1,000 லிட்டர் ஆக்சிஜன் தரவல்லது. நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் 190 நோயாளிகளுக்கு அது போதும். காற்றமுக்கிகளுக்கும் பம்புகளுக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூரின் தொழில்மரபு, போர் விமானத்திற்கென எழுந்த வேதியியலோடு இவ்வாறு இணைந்தது.

மருத்துவமனை எதிர்கொண்ட சிக்கலும் ஹாரியர் எதிர்கொண்டதை ஒத்ததே. தொலைவிலுள்ள ஆலையிலிருந்து திரவ ஆக்சிஜன் ஊர்தி வரும்வரை காத்திருக்கும் நிலையை மாற்றி, இருக்கும் இடத்துக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுவது இரண்டிற்கும் பொதுவான தீர்வு. ஒரு வேறுபாடும் உண்டு. மருத்துவமனை நிலையத்தில் மின்சாரம் நின்றால் மாற்று உருளையைத் திறக்க உணர்வுடைய செவிலியர் ஒருவர் அருகிலிருப்பார். தனியே பறக்கும் விமானிக்கு அத்தகையவர் எவருமில்லை.

முடிவுரை

போர் விமானச் சுவாச ஆக்சிஜனின் வரலாறு, சுமையை இடம்பெயர்த்த வரலாறாக அமைகிறது. உருளையின் சுமை விமானத்தில் இருந்தது. திரவ ஆக்சிஜன் அதைத் தளத்திற்கு மாற்றியது. ஆக்கமுறை தளத்தின் சுமையை நீக்கி, இடரின் ஒரு பகுதியை விமானியின் நெஞ்சின்மேல் வைத்தது. இதனால் ஆக்கமுறை தவறானது என்று கொள்ளலாகாது. திரவ ஆக்சிஜனால் நேர்ந்த தீவிபத்துகளையும் தரைப்பணியாளரின் இன்னல்களையும் அது பெரிதும் போக்கியது. வழங்கல் தேவைக்காகத் தோன்றிய ஒரு தீர்வு, உடலியங்கியல் தேவைக்கும் தானாகவே நிறைவு தரும் என எண்ணியதே பிழை.

இவ்வாய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, இயந்திரத்தைச் சார்ந்த ஆக்கிக்கு இயந்திரத்தைச் சாராத, தானே இயங்கும் மாற்று ஏற்பாடு இன்றியமையாதது. இரண்டு, ஆக்சிஜன் மிகுதியும் குறைவைப் போலவே தீங்கு தரக்கூடும். உயரத்திற்கேற்ற அளவே நலம். மூன்று, ஆக்கியின் தகுதியை அதன் வெளிவாயிலில் அளப்பது போதாது. முகமூடிக்குள், மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு அளக்க வேண்டும். தேஜஸ் போன்ற உள்நாட்டு விமானங்கள் இம்முறையை ஏற்கும் இக்காலத்தில், பிறர் உயிர்விலை கொடுத்துக் கற்ற இப்பாடங்களை வடிவமைப்பு நிலையிலேயே உட்கொள்ளும் வாய்ப்பு நமக்கு உள்ளது. அவ்வாய்ப்பில், விமானி 'மூச்சு சரியில்லை' என்று கூறும்போது அச்சொல்லையும் ஓர் அளவீடாக ஏற்பதும் அடங்கும்.